ஐஸ் கிண்ணத்தோடு வந்த ஒயின்

சிங்கப்பூரின் ஃபேரர் பார்க் எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடை. ரேஸ் கோர்ஸ் சாலையை ஒட்டிய கடைவீடு ஒன்றின் கீழ்த்தளம். உள்ளே பதினெட்டு இருக்கைகள், வாசலில் ஐந்தடிப் பாதையை ஒட்டி இரண்டு மேசைகள். காரைக்குடிப் பக்கத்துச் சமையல், அதோடு ஒயின். கடையின் பெயரை எழுத வேண்டாம் என்று உரிமையாளர் அம்மையார் கேட்டுக்கொண்டார். சனிக்கிழமைகளில் இப்போதே ஆட்களைத் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கிறதாம். அவர் கேட்டதற்கு மதிப்புக் கொடுக்கிறேன். வாசலில் பூ மிதக்கவிட்ட பித்தளை உருளி இருக்கும். அந்தப் பக்கம் நடப்பவர்களுக்கு அந்த அடையாளம் போதும்.

மூன்று முறை போயிருக்கிறேன். முதல் முறை மனைவியோடு, அடுத்து தனியாக, கடைசியாக மகளோடு. சாப்பாட்டைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். நான் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் ஐஸ்.

26 ஆண்டுகள் ஐஸ் இயந்திரங்களோடு பிழைத்தவன் நான். ஹோட்டல் சமையலறைகள், காப்பிக்கடைகள், உணவங்காடி நிலையங்கள் என்று இந்தத் தீவில் நான் ஐஸ் இயந்திரம் பொருத்தாத வட்டாரம் குறைவு. ஒரு கடையின் ஐஸைப் பார்த்தாலே அந்தக் கடை தன்னிடம் வருகிறவர்களை எப்படி மதிக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிடும்.

முதல் முறை போனபோது வாசல் மேசைதான் கிடைத்தது. மழை பெய்து விட்டிருந்த மாலை. காற்று அசையவில்லை, சட்டை முதுகில் ஒட்டியது. என் மனைவி மதுவைத் தொடுவதில்லை, அவர் நீர்மோர் கேட்டார். நான் ஒரு கிளாஸ் வெள்ளை ஒயின் கேட்டேன். பரிமாற வந்த பெண் மலேசியாவின் ஈப்போவைச் சேர்ந்தவர், இருபத்தைந்து வயது இருக்கலாம். ஜெர்மனியில் மோசல் ஆற்றுச் சரிவில் விளைந்த ரீஸ்லிங் திராட்சை ஒயினைச் சொன்னார். கொஞ்சம் இனிப்பு, ஆல்கஹால் 9 சதவீதம்தான், மிளகுக் காரத்துக்கு இதுதான் பொருந்தும் என்றார். பிறகு, நான் கேட்காமலேயே, "அங்கிள், வெளியே உட்கார்ந்திருக்கிறீர்கள். ஒயின் கால் மணி நேரத்தில் சூடாகிவிடும். ஐஸ் தனியாகக் கொண்டுவரட்டுமா? வேண்டுமென்றால் நீங்களே போட்டுக்கொள்ளலாம்" என்றார்.

சட்டென்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை. என் மகள் பல்கலைக்கழகப் பட்டம் வாங்கிய நாள் நினைவுக்கு வந்துவிட்டது. ஒரு பெரிய ஹோட்டலின் மேல்தளத்துக்குக் குடும்பமாகப் போயிருந்தோம். வெள்ளை ஒயின் வந்தது. இரண்டு ஐஸ்கட்டி கேட்டேன். பரிமாறியவர் பக்கத்தில் நின்ற இன்னொருவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஒயினில் யாரும் ஐஸ் போடுவதில்லை, ஐயா" என்றார். குரலில் மரியாதை இருந்தது, முகத்தில் இல்லை. என் மகள் தலையைக் குனிந்துகொண்டாள். அந்த ஹோட்டலின் ஐஸ் இயந்திரத்தைப் பொருத்தியவன் நான். அன்று அதைச் சொல்லத் தோன்றவில்லை. அதன் பிறகு பல ஆண்டுகள் வெளியில் ஒயின் கேட்டதே இல்லை.

ஈப்போப் பெண் கொண்டுவந்த கிண்ணத்தைப் பற்றி எழுத எனக்கு நிறைய இருக்கிறது. சிறிய எவர்சில்வர் கிண்ணம், மேலே ஒரு இடுக்கி. உள்ளே ஆறு கட்டிகள். நடுவில் வெண்புகை மூட்டம் இல்லாத, கண்ணாடி போன்ற கட்டிகள். வீட்டுத் தட்டில் உறையவைக்கும் ஐஸ் வெளியிலிருந்து உள்நோக்கி உறைவதால் காற்றும் உப்புகளும் நடுவில் சிறைப்பட்டுக் கலங்கலாகிவிடும். நல்ல இயந்திரம் குளிர்ந்த தகட்டின் மேல் நீரை ஓடவிட்டே உறையவைக்கும். ஓடும் நீர் அழுக்கையும் காற்றையும் கழுவிக்கொண்டு போய்விடும். பைகளில் வாங்கும் குழாய் ஐஸும் தெளிவாகத்தான் இருக்கும், ஆனால் நடுவில் ஓட்டை உண்டு. உள்ளும் புறமுமாகக் கரைந்து கிளாஸைச் சீக்கிரம் நீர்க்கச் செய்துவிடும். சர்பத்துக்கு அது போதும், ஒயினுக்கு ஆகாது. இங்கே கொடுத்தது திண்மையான கட்டி. ஒன்றை முகர்ந்து பார்த்தேன். மீன் வாடையோ குளிர்பெட்டி வாடையோ துளியும் இல்லை.

இரண்டாவது முறை போனபோது இயந்திரத்தைப் பார்க்கலாமா என்று அம்மையாரிடம் கேட்டேன். தயங்காமல் அழைத்துப் போனார். வடிகட்டியின் மேல் மாற்றிய தேதியைப் பேனாவால் எழுதி ஒட்டியிருந்தார்கள். அள்ளும் கரண்டி ஐஸுக்குள் புதைந்து கிடக்காமல் சுவரில் தனி உறையில் தொங்கியது. இந்தக் கரண்டி விஷயத்தைச் சமையல்காரர்களுக்குச் சொல்லிச் சொல்லியே என் தொண்டை வறண்டிருக்கிறது. கையால் பிடிக்கும் பகுதி ஐஸில் பட்டால் கையில் இருப்பதெல்லாம் குடிப்பவர் வாய்க்குத்தான் போகும்.

ஐஸ் போட்டால் ஒயின் கெட்டுவிடும் என்று சொல்பவர்களுக்கு என் வீட்டுக் கணக்கைச் சொல்கிறேன். சமையலறை அலமாரியில் இருந்த சிவப்பு ஒயின் 29 டிகிரி காட்டியது. 150 மில்லி ஊற்றி, ஐஸ்கட்டியைத் தராசில் நிறுத்துப் போட்டேன். 16 டிகிரிக்கு இறக்க ஏறக்குறைய 20 கிராம் ஐஸ் கரைந்தது. நடுத்தரமான ஒரு கட்டி, அவ்வளவுதான். 13 சதவீதமாக இருந்த ஆல்கஹால் பதினொன்றரைக்கு இறங்கியது. சுவை இளைத்தது உண்மை, மறுக்கவில்லை. ஆனால் 29 டிகிரியில் அதே ஒயின் மூக்கில் ஸ்பிரிட் வாடையாகக் குத்தியது. பழ வாசம் என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை. கொஞ்சம் இளைத்த ஒயினுக்கும் கொதிக்கிற ஒயினுக்கும் நடுவே தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் இளைத்ததைத்தான் எடுப்பேன்.

சிவப்பு ஒயினை அறை வெப்பநிலையில் குடிக்க வேண்டும் என்று சொல்கிறார்களே, அது எந்த ஊர் அறை? கல் சுவர் வைத்த பழைய ஐரோப்பிய வீடுகளின் 16, 18 டிகிரி அறை. பூமத்திய ரேகைக்கு ஒன்றரை டிகிரி கூட விலகாத நம் தீவின் அறை இல்லை. அங்கே எழுதிய விதியை இங்கே எழுத்துப் பிசகாமல் பின்பற்றினால் அந்த விதியின் நோக்கமே தோற்றுப்போகிறது.

அந்த ஐரோப்பாவிலும் எல்லோரும் அந்த விதிப்படி குடிப்பதில்லை என்பதை எனக்குக் காட்டியவர் தெற்கு பிரான்ஸைச் சேர்ந்த ஒரு சமையல்காரர். நான் அவருடைய சமையலறை இயந்திரத்தைப் பழுதுபார்த்து முடித்த இரவு, அவர் வேலை முடிந்து ஒரு பெரிய கிளாஸ் நிறைய ஐஸ் போட்டு, அதன் மேல் இளஞ்சிவப்பு ரோஸே ஒயினை ஊற்றினார். நான் பார்த்த பார்வையைக் கண்டு, அவர்கள் ஊரில் இதற்குப் பெயரே உண்டு என்றார். 'பிஸ்சின்', அதாவது நீச்சல்குளம். கோடையில் அவருடைய பாட்டி கூட அப்படித்தான் குடிப்பாராம். எனக்கும் ஒன்று ஊற்றிக் கொடுத்தார். அன்று என் மனத்திலிருந்து ஏதோ ஒரு பாரம் இறங்கியது.

ஷாம்பெயின் நிறுவனங்களே ஐஸோடு குடிப்பதற்கென்று தனியாகச் செய்து விற்கின்றன. மோயெ எ ஷாந்தோனின் 'ஐஸ் இம்பீரியல்' அப்படிப்பட்டது. அதன் சூட்சுமம் இனிப்பில் இருக்கிறது. வழக்கமான 'ப்ரூட்' ஷாம்பெயினில் லிட்டருக்கு 12 கிராம் சர்க்கரைக்குள்தான் இருக்கும்; ஐஸுக்கான ஷாம்பெயின் 'டெமி செக்' வகை, அந்த வகையில் 32 முதல் 50 கிராம் வரை இருக்கலாம். குளிர் இனிப்பை அமுக்கும், கரையும் ஐஸ் நீர்க்கச் செய்யும், இரண்டுக்கும் சேர்த்து முன்கூட்டியே இனிப்பைக் கூட்டிவைக்கிறார்கள். நம் காப்பிக்கடைக்காரர் 'தே பெங்', அதாவது ஐஸ் தேநீர், போடும்போது தேநீரை அடர்த்தியாக இறக்கிப் பாலையும் தாராளமாக ஊற்றுகிறாரே, அதே அறிவுதான். அவரிடம் யாரும் போய் சூடான தேநீர்தான் உண்மையான தேநீர் என்று வாதாடுவதில்லை. மோரில் நீரைக் கலந்து நீர்மோர் என்று பெயர் வைத்து, கோயில் திருவிழாவில் பந்தல் போட்டுக் கொடுக்கிற நமக்கு இது விளங்காத விஷயமா?

இந்தக் கடையின் பட்டியலில் 'கோடைச் சிவப்பு' என்று ஒன்று இருக்கிறது, 12 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). ஸ்பெயினில் 'தின்தோ தெ வெரானோ' என்று சொல்வதன் நேர்ப்பெயர். சிவப்பு ஒயின், இனிப்புச் சோடா, எலுமிச்சைத் துண்டு, நிறைய ஐஸ். அந்த நாட்டின் பாஸ்க் பகுதியில் இளைஞர்கள் சிவப்பு ஒயினில் கோலாவைப் பாதிக்குப் பாதி கலந்து 'கலிமோச்சோ' என்று குடிப்பார்களாம். அந்தப் பெண் சொன்னார், நான் அதை இன்னும் முயலவில்லை. ஹங்கேரியில் ஒயினும் சோடாவும் எந்த அளவில் கலக்கிறார்கள் என்பதற்கேற்ப ஒவ்வொரு கலவைக்கும் தனித்தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள். இத்தாலியின் வெனிஸ் பக்கத்து 'ஸ்பிரிட்ஸ்', ஆஸ்திரியர்கள் அங்கே ஆண்ட காலத்தில் உள்ளூர் ஒயினில் நீரைத் தெளித்துக் குடித்த பழக்கத்திலிருந்து வந்தது. கோடைச் சிவப்பை மகளோடு போன அன்று குடித்தேன். ஆட்டுக்கறிச் சுக்காவுக்கு அதைவிடப் பொருத்தமான பானம் இந்தப் பட்டியலில் இல்லை.

அதற்குக் காரணம் உண்டு. மிளகாயின் காரம் நாக்கில் சூட்டை உணரும் அதே நரம்புகளைத்தான் தட்டி எழுப்புகிறது. ஆல்கஹாலும் அந்த நரம்புகளைத் தூண்டும். 14, 15 சதவீத ஒயினைச் சூடாகக் குடித்துக்கொண்டு சுக்கா சாப்பிட்டால் வாய் இரண்டு மடங்கு எரிகிறது. சிவப்பு ஒயினின் துவர்ப்பு அதற்கு மேல் முரடாக உட்காருகிறது. குளிர்ச்சியும் இனிப்பும் குறைந்த ஆல்கஹாலும் அந்த எரிச்சலை ஆற்றும். ஆக, மேசையில் காரைக்குடி மசாலா இருக்கும்போது ஐஸைத் தவறு என்று சொல்கிறவர் அந்த மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டுப் பார்க்காதவர்.

எல்லாவற்றிலும் ஐஸ் போடச் சொல்கிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். இரண்டாவது முறை ஸ்பெயினின் ரியோஹா ஒயின் ஒரு புட்டி திறக்கச் சொன்னேன். பத்து வயதுக்கு மேலான ஒயின், என் பணிஓய்வுக்காக நானே எனக்கு வாங்கிக் கொடுத்தது. வழக்கம்போல் ஐஸ் கிண்ணம் வரும் என்று பார்த்தேன். அந்தப் பெண் வெறுங்கையோடு வந்தார். "அங்கிள், இதில் மட்டும் போட வேண்டாம். வாசம் மெல்லியது, நீர் பட்டால் போய்விடும். பத்து நிமிடம் வாளியில் வைத்துத் தருகிறேன், பாருங்கள்" என்றார். வாளியில் ஐஸை மட்டும் கொட்டாமல், பாதி ஐஸ் பாதித் தண்ணீர் ஊற்றி, புட்டியின் கழுத்து வரை அமிழ்த்தினார். எனக்கு நெஞ்சு நிறைந்தது. வெறும் ஐஸ் புட்டியை அங்கங்கேதான் தொடும், இடையில் காற்றுதான் நிற்கும். தண்ணீர் சேர்ந்தால் புட்டியைச் சுற்றிலும் குளிர் அணைத்துக்கொள்ளும். விலை உயர்ந்த இடங்களில் கூட வெறும் ஐஸில் புட்டியைக் குத்தி வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். எங்கே கற்றுக்கொண்டீர்கள் அம்மா என்று கேட்டேன். ஈப்போவில் அவருடைய அப்பா குளிர்பானக் கடை வைத்திருந்தாராம்.

அந்த ரியோஹாவில் உலர்ந்த பழமும் பழைய மரப்பெட்டியும் மணத்தன. அவர் தடுத்திருக்காவிட்டால் அதை நான் இழந்திருப்பேன். மலிவான இளம் ஒயினுக்கு ஐஸை அவராகவே கொடுத்தார். நல்ல பழைய ஒயினுக்கு அவராகவே மறுத்தார். இரண்டிலும் என் முகத்தைப் பார்த்துத்தான் பேசினார்.

என் அப்பா தஞ்சோங் பகார் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். சம்பள நாளன்று எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே இருந்த காப்பிக்கடையில் உட்கார்ந்து கறுப்பு ஸ்டவுட் பீர் குடிப்பார், ஒரே ஒரு புட்டி. பக்கத்துச் சீனக் கிழவர்கள், மலேசியாவிலிருந்து வந்தவர்கள், எல்லோருடைய பீர்க் குவளையிலும் ஐஸ் மிதக்கும். மரத்தூள் மூடிய பாளத்திலிருந்து உடைத்த ஐஸ். எனக்கு ஆரஞ்சு நிறச் சோடா வாங்கித் தந்து, தன் குவளையிலிருந்து ஒரு ஐஸ்கட்டியைக் கரண்டியால் எடுத்து அதில் போடுவார். ஸ்டவுட்டின் கசப்பு அந்தச் சோடாவில் லேசாகக் கலந்திருக்கும். அம்மாவிடம் சொல்லாதே என்பார். ஐஸ் இல்லாமல் எதையும் குடிக்கக் கூடாது என்று யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை. வெயிலில் பத்து மணி நேரம் நின்ற உடம்பு அதைக் கேட்டது. தாய்லாந்திலும் வியட்நாமிலும் இன்றைக்கும் பீரில் ஐஸ் போடுவது இயல்பான விஷயம். நம் ஊர்க் காப்பிக்கடைகளிலும்தான்.

வெயில் நாட்டில் ஐஸின் அருமையை அறிந்தவர்கள் நமக்கு முன்னாலும் இருந்தார்கள். 1842இல் சென்னைக் கடற்கரையில் கட்டிய ஐஸ் ஹவுஸ் இன்று விவேகானந்தர் இல்லமாக நிற்கிறது. அமெரிக்காவில் உறைந்த ஏரிகளில் வெட்டிய பாளங்கள் கப்பலேறி அங்கே வந்தன. இங்கே 1854இல் வாம்போ என்று எல்லோரும் அழைத்த வணிகர் ஹூ ஆ கே, சிங்கப்பூர் ஆற்றங்கரையில் ஐஸ் கிடங்கு வைத்தார். இன்னும் பின்னே போனால், பண்டைய கிரேக்கர்கள் ஒயினில் நீர் கலந்துதான் குடித்தார்கள். கலக்காமல் குடிப்பது அவர்கள் கண்ணில் நாகரிகம் அறியாதவர் செயல். ரோமானியச் செல்வர்கள் மலைப்பனியைக் கொண்டுவந்து ஒயினைக் குளிர்வித்தார்கள். அதே மத்தியதரைக் கடல் பகுதியின் ஒயின் சாடிகள்தான் புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் மண்ணுக்கடியில் கிடைத்தன. புறநானூற்றின் 56ஆம் பாட்டில் நக்கீரர் பாண்டியன் நன்மாறனை வாழ்த்தும்போது, யவனர் நல்ல கலங்களில் கொண்டுவந்த தேறலைப் பொற்கிண்ணத்தில் ஏந்தி மகளிர் நாள்தோறும் ஊட்ட மகிழ்ந்திரு என்கிறார். அந்தத் தேறலுக்கு அவர் போட்ட அடைமொழி 'தண்கமழ்'. தண்மை, அதாவது குளிர்ச்சி. அதன் பிறகுதான் மணம். வெளிநாட்டு ஒயினைப் பற்றித் தமிழில் எழுதியவர் முதலில் அதன் குளிர்ச்சியைச் சொல்லியிருக்கிறார். இதை அந்த மேல்தள ஹோட்டலில் நான் அறிந்திருந்தால் தலைநிமிர்ந்து சொல்லியிருப்பேன்.

சாப்பாடு. நண்டு மிளகு வறுவல் மிக நன்று. மிளகை அன்றன்றைக்கு இடிக்கிறார்கள், வாயில் நொறுங்குவதிலேயே தெரிகிறது. சுக்காவில் கறி நாரில்லாமல் வெந்திருந்தது. வெள்ளைப் பணியாரம் முதல் முறை பஞ்சாக இருந்தது, மூன்றாவது முறை ஆறிப்போய் வந்தது. மீன்குழம்பில் உப்பு இரண்டு முறையும் தூக்கல். நீர்மோரில் பெருங்காயம் அளவாக இருக்கிறது என்று என் மனைவி சொன்னார். அவர் எளிதில் பாராட்டுகிறவர் இல்லை.

குறைகளும் உண்டு. ஒயின் கிளாஸ்கள் சிறியவை. ஐஸ்கட்டி போட்டதும் விளிம்பு வரை வந்துவிடுகிறது, ஒரு வாய் குடித்த பிறகுதான் இரண்டாவது கட்டியைப் போட முடிகிறது. ஐஸை இவ்வளவு மதிக்கிற கடை வாயகன்ற பெரிய கிளாஸ் பத்தாவது வாங்கிவைக்க வேண்டும். ஒயின் பட்டியலில் நாடும் ஆண்டும் இருக்கின்றன, எது இனிப்பு எது இனிப்பற்றது என்ற குறிப்பு இல்லை. அந்தப் பெண் விடுப்பில் இருக்கும் நாளில் வருகிறவர்கள் திணறுவார்கள். வாசல் மேசைக்கு ஒரு மின்விசிறி அவசியம்.

விலை மலிவில்லை. ரீஸ்லிங் ஒரு கிளாஸ் 16 வெள்ளி. சேவைக் கட்டணம் 10 சதவீதமும் பொருள் சேவை வரி 9 சதவீதமும் சேர்ந்து 19 வெள்ளி 18 காசு. இதற்குக் கடையை மட்டும் குறை சொல்ல முடியாது. இங்கே தூய ஆல்கஹால் ஒரு லிட்டருக்கு 88 வெள்ளி தீர்வை. 13 சதவீத ஒயின் 750 மில்லி புட்டி ஒன்று கரையிறங்கும்போதே 8 வெள்ளி 58 காசு அதன் தலையில் ஏறிவிடுகிறது.

மகளோடு போன அன்று உள்ளே இடம் கிடைத்தது. பக்கத்து மேசையில் ஒரு சீனக் குடும்பம், மூன்று தலைமுறை. தாத்தா தன் சிவப்பு ஒயினைக் காட்டி ஐஸ் கேட்கக் கையை உயர்த்தினார். பேரன் அவர் கையைப் பிடித்து இறக்கினான். அதற்குள் ஈப்போப் பெண் எவர்சில்வர் கிண்ணத்தோடு வந்து, இடுக்கியின் கைப்பிடி அவர் பக்கம் இருக்குமாறு திருப்பி வைத்துவிட்டுப் போனார். என் மகள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு எங்கள் கிண்ணத்திலிருந்து ஒரு கட்டியை எடுத்துத் தன் கிளாஸில் போட்டுக்கொண்டாள்.

முன்பதிவு தொலைபேசியில் மட்டும். திங்கட்கிழமை விடுமுறை. ஒன்பதரைக்கு அடுப்பை நிறுத்திவிடுகிறார்கள். எங்கள் மேசைக்கு அன்று இரண்டு கிண்ணம் ஐஸ் வந்தது. ரசீதில் அதற்கு எதுவும் சேர்க்கவில்லை.